அறுபது யாருடையது?

வணக்கம் ஐயா.

அடுத்த மாதம் எனக்கு அறுபது நிறைகிறது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதே வாரம் ஓய்வு பெறுகிறேன். மண்டபம் எடுத்துக் கொண்டாட வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கணவர் 54 வயதில் தவறிப்போனார். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வராத அறுபது எனக்கு மட்டும் எதற்கு? "அண்ணன் இல்லாமல் என்ன அறுபது, அண்ணி?" என்று நாத்தனாரும் கேட்டுவிட்டார்.

இதில் இன்னொன்று: என் பிறந்த தேதியே சரியில்லை. அடையாள அட்டையில் செப்டம்பர் 2 என்று இருக்கிறது. கெடாவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் பிறந்தேன் என்கிறார் அம்மா. அவருக்கு 82 வயது, என்னோடுதான் இருக்கிறார். வயது ஏற ஏறப் பிறந்தநாளுக்கு ஏதாவது பொருள் இருக்கிறதா, இல்லை வெறும் செலவுதானா?

ச., பட்டர்வொர்த், மலேசியா

*

அன்புள்ள சகோதரி,

செலவுதான். அதைப் பிள்ளைகள் செய்யட்டும். நீங்கள் சேமநிதிப் பணத்தில் கை வைக்காதீர்கள். இதற்கு மேல் செலவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நாத்தனார் கேட்டதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவர்மேல் கோபப்படாதீர்கள். நம் மரபு சொல்வதைத்தான் அவர் சொன்னார். சஷ்டியப்த பூர்த்தி, அறுபதாம் கல்யாணம் என்று கொண்டாடுகிறோமே, அங்கே எண்ணப்படுவது கணவரின் வயது. மனைவிக்கு அப்போது 52 இருக்கலாம், 57 இருக்கலாம், யாரும் கேட்பதில்லை. எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டினால் சதாபிஷேகம், எல்லாம் அவர் கணக்கில்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறாள். அவளுக்கே அறுபது நிறைகிற நாளில் பெரும்பாலும் அடுப்படியில் நிற்பாள். கணவர் போய்விட்டாலோ, பக்கத்தில் உட்காரும் அந்த இடமும் சேர்ந்து போய்விடுகிறது.

வானத்துக் கணக்கு அப்படி ஆள் பார்ப்பதில்லை. வியாழன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 ஆண்டுகள், சனிக்கு ஏறக்குறைய 30. நீங்கள் பிறந்தபோது நின்ற இடத்துக்கு இரண்டும் ஒன்றாகத் திரும்பி வர அறுபது ஆண்டுகள் பிடிக்கின்றன. தமிழ் ஆண்டுப் பெயர்களும் அறுபதுதான். நீங்கள் பிறந்த 1966 ஆடியில் நடந்துகொண்டிருந்தது பராபவ ஆண்டு. இப்போது நடப்பதும் பராபவ. (பராபவ என்றால் தோல்வி என்று பொருள். பெயர் வைத்தவர்கள் 38 ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்த பெண்ணைக் கண்டதில்லை போலும்.) வியாழனும் சனியும் உங்களுக்காகவும்தான் திரும்பி வந்திருக்கின்றன. நம் சடங்குதான் இன்னும் வந்து சேரவில்லை.

இளம் வயதில் நான் பிறந்தநாள் கேக்கைக் கிண்டல் செய்தவன். விளக்கை ஏற்றும் இனம் விளக்கை ஊதி அணைக்கலாமா என்று மேடையில் முழங்கிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைத்தட்டலை இப்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கேக்கின் மேல் பிறந்தநாள் காணும் பெண்ணின் பெயர் இருக்கிறது, அவளுடைய வயது இருக்கிறது. அவள் தனியாக நின்று அதை வெட்டலாம். பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு எழுபது வந்தது. கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. காலையிலேயே மீ சுவா என்ற நூல் போன்ற மெல்லிய மீயைச் சமைத்து, அவித்த முட்டை வைத்து, பாட்டியை நடுவில் உட்காரவைத்தார்கள். ஆயுள் நீள வேண்டுமென்று அந்த நூலை நறுக்காமல் உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். பாட்டி எங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, பெரிய சத்தத்தோடு உறிஞ்சினார். எங்கள் வீட்டுக்கும் சிவப்பு ஆமைப் பலகாரம் ஒரு தட்டு வந்தது. அன்று என் அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

தேதிச் சிக்கலுக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. பிரசவம் லயத்தில் நடக்கும். தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய்ச் சொல்ல அப்பாவுக்கு வேலையில்லாத நாள் அமைய வேண்டும். சொன்ன நாளே பிறந்த நாளாகிவிடும். அது பிறகு அடையாள அட்டையின் முதல் ஆறு எண்களாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆயுள் முழுக்க எந்தப் பாரத்திலும் அதைத்தான் எழுத வேண்டும். உங்களுக்காவது தேதிதான் பிசகியது. பிறப்பைப் பதியாமலே விட்டதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையோடும், எந்த அட்டையும் இல்லாமலும் முதுமை வரை அலைந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் மாமன்னர் பிறந்தது நவம்பர் 22. நாடு விடுமுறை விட்டுக் கொண்டாடுவது ஜூன் முதல் திங்களன்று. அவருக்கு இரண்டு நாள் இருக்கலாமென்றால் உங்களுக்கும் இருக்கலாம். அம்மா கணக்குப்படி உங்களுக்கு அறுபது நிறைந்தேவிட்டது. இவ்வளவு யோசித்தீர்களே, அது உங்களைக் கேட்காமல் வந்து போய்விட்டது!

அந்த அட்டையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தேதியைத் தப்பாக எழுதினாலும், நீங்கள் ஒரு பெண், உங்களுக்கென்று ஒரு வயது இருக்கிறது என்பதை அரசாங்கமாவது குறித்து வைத்திருக்கிறது.

கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் இருந்திருந்தால் இப்போது 63. உங்கள் அறுபது அவர் பங்கிலிருந்து எடுத்ததல்ல. இதை எழுதுவது எனக்கு எளிது, உங்களுக்கு எளிதல்ல என்று தெரியும். காலையில் அவர் படத்துக்குப் பூப்போடும்போது அழுகை வரும். அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள்.

வயது ஏற ஏற இந்த நாளுக்கு என்ன பொருள் என்று கேட்டீர்கள். எனக்கு 68. நான் பிறந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர் அம்மா. ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும், நான் எந்த ஊரில் இருந்தாலும், அதே கதையைச் சொல்வார்: புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டம், கொட்டும் மழை, மலாய்க்கார மருத்துவச்சியான பிடானை அழைத்துவர அப்பா சைக்கிளில் போனது. ஒரு வருடம் சைக்கிள் செயின் அறுந்திருக்கும். இன்னொரு வருடம் பாலத்தின் மேல் வெள்ளம் போயிருக்கும். "சென்ற முறை இது இல்லையே" என்றால், "நீயா பார்த்தாய்?" என்பார். ஆறு வருடங்களுக்கு முன் அம்மா போனார். அடுத்த பிறந்தநாளில் காலை எட்டு மணிக்கு வங்கியிலிருந்து வாழ்த்து வந்தது. அதன் பிறகு தொலைபேசி பேசவில்லை. நான் பிறந்தபோது மழை பெய்தது என்பதை அறிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது என் பேரனுக்கு நானே அந்தக் கதையைச் சொல்கிறேன். போன முறை வெள்ளத்தில் ஒரு முதலையும் வந்துவிட்டது.

உங்கள் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. கேக் வெட்டும் முன் மைக்கை அவர் கையில் கொடுத்து, அந்த ஆடி மாதத்து நாளைச் சொல்லச் சொல்லுங்கள். கதை நீளும்; சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

இன்னொன்று. சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்டவர் விழா என்பார்கள். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறை என்றால் ஏறக்குறைய 80 ஆண்டும் 10 மாதமும். உங்கள் அம்மாவுக்கு 82. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன தலைமுறை அவர்கள். நம்மைவிட அதிகமாக வானத்தைப் பார்த்தவர்கள். அவர் ஆயிரத்தைக் கடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. கேக்கில் இரண்டு பெயர் எழுத இடம் இருக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.