பழைய ஓவியங்களிலும் சிற்பங்களிலும் கற்பித்தலை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்?

யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கி.மு. 480 வாக்கில் தூரிஸ் என்ற ஏதென்ஸ் ஓவியர் வரைந்த ஒரு மதுக்கிண்ணம் இப்போது பெர்லினில் இருக்கிறது. அதில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பையன்கள் போர்வையை இறுக்கிப் போர்த்தியபடி முன்னால் நிற்கிறார்கள். யாழ் கற்பவன் மட்டும் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

நம் சிவன் கோயில்களின் தெற்குக் கோஷ்டத்தில் (சுவர் மாடத்தில்) இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பாருங்கள். ஆலமரத்தடியில் குரு இளைஞர், காலடியில் இருக்கும் சனகாதி முனிவர்களோ வயதில் பெரியவர்கள். கையில் சின்முத்திரை, வாயில் பேச்சில்லை. இங்கே பாடம் நடத்துவது மௌனம்தான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 14ஆம் நூற்றாண்டில் லாரென்தியஸ் தெ வோல்தோலினா வரைந்த பல்கலைக்கழக வகுப்பு. பேராசிரியர் உயரமான மேடையில் இருந்து பாடம் சொல்கிறார். முன்வரிசைக்காரர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கவனிக்கிறார்கள். பின்வரிசையில் ஊர்க்கதை ஓடுகிறது. ஒருவர் நன்றாகவே தூங்கிவிட்டார்! அப்புறம், எல்லோரும் சிறுவர்கள் இல்லை, தாடி வைத்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான படங்கள் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுபவை. இவரோ வகுப்பில் நடப்பதை அப்படியே வரைந்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், இதைப் பாருங்கள்.