லாபமா, இலாபமா?

கேள்வி: அமெரிக்கா எங்கேயாவது சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறதே, அதில் அந்த நாட்டுக்கு லாபம் இருப்பதால்தானே? போர் நின்றால் அவர்கள் பொருளாதாரமே படுத்துவிடும் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: உங்கள் அஞ்சலட்டையில் 'லாபம்' என்றுதான் இருந்தது. எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அதன் தலையில் ஓர் இகரத்தை ஏற்றி 'இலாபம்' ஆக்கிவிட்டார். நான் இறக்கி வைத்தேன். லகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்கக்கூடாதாம். பதினெட்டு வருடமாக இதற்காக நாங்கள் சண்டை போடுகிறோம், இருவருக்கும் பைசா பிரயோஜனமில்லை. இந்த முறை ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். நிஜமாகவே கைக்கு வந்தால் லாபம். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் இலாபம்.

சின்ன வயதில் பூதப்பாண்டி பக்கம் தாத்தாவின் களத்தில் நெல் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். அளவுகாரர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று இழுத்துப் பாடுவார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. மழையில் பாதிக் கதிர் வயலிலேயே முளைத்துப்போன வருடமும் அதே பாட்டுதான். தாத்தா வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருப்பார். பொலி எவ்வளவு சிறுத்தாலும் அளவுகாரர் கொத்து, அதாவது நெல்லாக வாங்கும் கூலி, குறையாது. துண்டை விரித்து, அள்ளி, முடிச்சுப் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அமெரிக்கப் போரில் முதல் மரக்காலுக்கு 'லாபம்' பாடுகிறவர்கள் ஆயுதக் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு அது இகரமில்லாத அசல் சரக்கு. தாத்தாவின் இடத்தில் நிற்பது வரி கட்டுகிறவன். 2001-க்குப் பிறகு நடந்த போர்களின் செலவு, காயம்பட்ட வீரர்களின் வருங்கால வைத்தியமும் சேர்த்து, 8 லட்சம் கோடி டாலர் என்று பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கணக்குப் போட்டார்கள். வரியைக் குறைத்துவிட்டு, கடன் வாங்கி நடத்திய போர்கள். 2024-இல் அந்த அரசு கட்டிய வட்டி ராணுவச் செலவையே தாண்டிவிட்டது.

எண்ணெயாவது மிஞ்சியதா? 2003-இல் இராக்கைப் பிடித்தார்கள். 2009-இல் அங்கே எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது, பெரிய வயலான ருமைலாவை எடுத்தது பிரிட்டனின் பிபியும் சீன அரசுக் கம்பெனியும். நாற்று நட்டவன் ஒருத்தன், கதிர் அறுத்தவன் வேறொருத்தன்.

உங்கள் நண்பரையும் சும்மா விடக்கூடாது. அவர் மனதில் இருப்பது இரண்டாம் உலகப்போர். 1933-இல் அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. போர் வந்ததும் ஆளே கிடைக்கவில்லை. அதுவரை சரி. போர் முடிந்தால் வேலையின்மை பழையபடி தலைவிரித்தாடும் என்று 1943-இல் பால் சாமுவேல்சன் எச்சரித்தார், பின்னால் நோபல் பரிசு வாங்கியவர். 1945-இல் 1.2 கோடியாக இருந்த படை இரண்டே வருடத்தில் 15 லட்சமாகச் சுருங்கியது. வந்த சிப்பாய்கள் வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். பொருளாதாரம் படுக்கவில்லை. நண்பரைவிட சாமுவேல்சன் படித்தவர், அவருக்கே சறுக்கியது.

வேலைவாய்ப்பு என்றதும் அந்த விமானம் ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே, நீங்களும் போயிருப்பீர்கள். 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் ஒன்று, அமெரிக்கத் தயாரிப்பு, திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, ஹைட்ராலிக் கோளாறில் மாட்டி, ஜூலை 22 வரை நகரவில்லை. சுமார் 11 கோடி டாலர் பெறும் சாமான், மழையில் நனைந்துகொண்டு நின்றது. கேரள சுற்றுலாத் துறை அதையே விளம்பரமாக்கி, வந்தவர்கள் திரும்பிப் போக விரும்பாத ஊர் என்று போட்டது. போர் விமானம் ஒன்று பைசா செலவில்லாமல் சம்பாதித்துக் கொடுத்தது அந்தத் துறைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். நானும் பஸ் ஏறிப் போனேன். மதிலுக்கு வெளியே நின்றால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பழம்பொரி தின்றுவிட்டுத் திரும்பினேன்.

அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்த விமானத்துக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். அதனால் செலவை வெட்ட யாரும் கை தூக்க மாட்டார்கள், அவரவர் தொகுதியில் வேலை போகும். அதே பணத்தைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வேலை கிடைக்கும் என்று 2011-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் கட்டுகிறவர்களுக்கு வாஷிங்டனில் அளவுகாரர் இல்லை.

ராணுவச் செலவில் ஒன்றுமே விளையவில்லை என்று சொன்னால் பாவம். ஜிபிஎஸ் அப்படிப் பிறந்ததுதான். செக்போஸ்ட்டில் நிற்காமல் போகும் குறுக்குவழியை நம் டாரஸ் லாரிகளுக்குக் காட்டுவதும் அதுதான். (லாரியை எங்கள் திருத்துநர் இன்னும் இலாரி ஆக்காதது என் பூர்வபுண்ணியம்.) போன வாரம் குழித்துறையில் ராத்திரி ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் பதினொரு டாரஸ், அத்தனையும் நம் மலையை உடைத்த கல். "எண்ணாதீங்க சாரே, விடிஞ்சிரும்" என்றார் கடைக்காரர். குமரி மாவட்டத்துக்கு இதில் லாபமா என்று கேளுங்கள், அடுத்த இதழில் நாலு பக்கம் எழுதுகிறேன்.

அன்றைய வல்லரசுக் கதை ஒன்று நம் மண்ணிலேயே கிடக்கிறது. மிளகுக்காக டச்சுக் கம்பெனி படையோடு வந்து, 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அடிவாங்கியது. 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை: வம்புதும்புக்குப் போகாமல், பேசிய விலைக்கு மிளகு வாங்கிக்கொள்வது. காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள பன்னிரண்டு வருடம். அந்தக் கம்பெனி 1799-இல் கடனோடு கலைந்துபோனது. குளச்சலில் பிடிபட்ட கம்பெனி அதிகாரி டிலனாய் மட்டும் கட்சி மாறி, திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாகி, அதாவது பெரிய தளபதியாகி, கொத்து வாங்கினார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது 'லத்தீன்'. பக்கம் முடிவதற்குள் சமாதானத்தை முறித்துவிட்டார், பாருங்கள்.