என்னிடம் 1994 மியாட்டா இருக்கிறது, மாஸ்டாவின் அந்த இரண்டு இருக்கைத் திறந்த கார். வீட்டு கேரேஜிலேயே மாற்றியமைக்க 3,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். டர்போ போடலாமா, வேறு எதிலிருந்து தொடங்கலாம்?

டர்போவைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். 3,000 டாலரில் அதை ஒழுங்காகச் செய்யவும் முடியாது. என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை வாங்கி மாட்டுவதோடு அந்த வேலை முடிவதில்லை. கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் கொடுக்கப் பெரிய இன்ஜெக்டர்கள், அவற்றை ஆள வேறு கணினி, கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கும் கிளட்ச், பெரிய ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த என்ஜின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக வைப்பதற்காக உருவானது. மியாட்டாவில் அதை நெடுக்காக வைத்தபோது தண்ணீர் வெளியேறும் வழியையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுவதால், பின்கோடியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இது தெரியாது. டர்போ போட்டு அழுத்தினால் முதலில் அடிபடுவது அந்த நான்காவது சிலிண்டர்தான். டர்போ போடுபவர்களில் பலர் தண்ணீரின் வழியையே திருப்பியமைப்பது இதனால்தான். அதற்கும் ஒரு செலவு உண்டு.

உங்கள் வண்டியின் சொத்து அதன் எடை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது அதன் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, குதிரைத்திறனோ 116தான். உங்கள் 1994 மாடலில் 1.8 லிட்டர் என்ஜின், 128 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் சாதாரண எண். ஆனால் இந்தக் காரின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய தோஷிஹிக்கோ ஹிராயின் குழு அந்த எண்ணைத் துரத்தவில்லை. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக இயங்க வேண்டும் என்ற பொருள் தரும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அலுமினிய பானட், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், கியர் பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை. எந்தப் பாகத்தை வாங்குவதற்கு முன்பும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது அந்த ஓருடல் உணர்வைக் கூட்டுமா, குறைக்குமா?

என்னுடையது 1995 மாடல். டெட்ராய்ட்டை அடுத்த புறநகர் ஒன்றில், ஒற்றைக் கார் கேரேஜில் வைத்து ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். என் அனுபவத்தில் முதல் ஆண்டில் புதுப் பாகம் எதுவும் தேவைப்படாது. முப்பது வயதைக் கடந்த வண்டிக்கு முதலில் அதன் இளமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பிரேக் குழாய்கள், கிளட்ச்சின் கீழ் சிலிண்டர், ரேடியேட்டர் குழாய்கள் ஆகியவற்றையும் பாருங்கள்.

இந்த வரிசையில் யாரும் பேசாத ஒன்று கியர் லிவரின் அடிப்பகுதி. லிவர் உட்காரும் குழியில் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். அதை மூடும் ரப்பர் உறை காலப்போக்கில் கிழிந்து, எண்ணெய் வற்றி, உள்ளே லிவரைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் வளையமான புஷ் நொறுங்கிவிடும். என் வண்டியில் திறந்து பார்த்தபோது குழி வறண்டு கிடந்தது. புஷ் இருந்த இடத்தில் பழுப்பு நிறத் துணுக்குகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சில பத்து டாலர் செலவு, ஒரு ஞாயிறு முற்பகல். அன்று மாலை இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குத் தள்ளியபோது கையில் கிடைத்த அந்தச் சுத்தமான ‘டக்’கை, பின்னால் நூற்றுக்கணக்கில் செலவழித்து மாட்டிய எதுவும் தந்ததில்லை.

மேற்கூரைத் துணியின் நீர்வடிகாலையும் இன்றே பாருங்கள். சீட் பெல்ட் கோபுரங்களின் பின்னாலிருந்து இறங்கும் வழி அது. இலைச்சருகு அடைத்தால் மழைநீர் பக்கச்சட்டத்துக்குள் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள இடத்தை உள்ளிருந்தே துரு தின்றுவிடும். புல்வெட்டும் கருவியின் தடித்த நைலான் இழையை மேலிருந்து மெதுவாக விட்டுத் துழாவுங்கள். கூரான கம்பியை விட்டால் வடிகால் குழாய் ஓட்டையாகிவிடும்.

இதற்குப் பிறகுதான் வாங்க வேண்டியவை. முதலில் டயர். தொழிற்சாலையில் இந்த வண்டிக்கு வந்த அளவு 185/60ஆர்14. இன்று அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது அரிது. 15 அங்குலச் சக்கரமும் 195/50 டயரும் போட்டால் மொத்த விட்டம் 576 மில்லிமீட்டர், பழையது 578. ஏறக்குறைய ஒன்றேதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதமும் கெடாது. 17 அங்குலம் அழகாக இருக்கிறதே என்று 205/40 போட்டால் விட்டம் 596 ஆகிவிடும். கியர்கள் நீண்டு வண்டி மந்தமாகும், சக்கரமும் பெரும்பாலும் கனத்துவிடும். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடையை இவ்வளவு இலகுவான கார் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சக்கரம் வாங்கும்போது விலைப்பட்டியலில் எடையைத் தேடுங்கள். எடை குறிப்பிடாத சக்கரத்தை நான் வாங்குவதில்லை.

சஸ்பென்ஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன்.

முதலில் ஓர் இணையக் கடையில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) தொகுதி ஒன்றை வாங்கி மாட்டினேன். வண்டி தாழ்ந்து படத்தில் பார்ப்பதுபோல் நின்றது. ஆனால் இந்த வண்டியின் சஸ்பென்ஷனுக்கு அசைவிடம் ஏற்கெனவே குறைவு. தாழ்த்தினால் மிச்சமிருப்பதும் போய், ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக், அதன் அசைவை நிறுத்தும் அடிக்கட்டையில் மோதும். இறுக்கமான சஸ்பென்ஷன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் அந்த மோதல்தான். ஒரே மிச்சிகன் குளிர்காலம், சாலையில் கொட்டும் உப்பு, அவ்வளவுதான்: உயரம் மாற்றும் திருகுமரைகள் துருவில் இறுகிப்போயின, ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. அடுத்த முறை தரமான ஷாக்குகளும், அதிகம் தாழ்த்தாத ஸ்பிரிங்குகளும், நுரைபோல் மெல்ல அமுங்கும் நல்ல அடிக்கட்டைகளும் வாங்கினேன். அவைதான் இன்றும் ஓடுகின்றன.

மாற்றும் வேலை காகிதத்தில் எளிது. மேலே இரண்டு நட்டுகள், கீழே ஒரு போல்ட். முன்பக்கம் இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. பின் இடது சக்கரத்தின் கீழ் போல்ட் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. போல்ட்டின் தலை திரும்பியது; ஆனால் தண்டு, அது நுழையும் ரப்பர் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிக்கொண்டு, குழலையும் சேர்த்துத் திருப்பியது. ஸ்பானரை விட்டால் முறுகிய ரப்பர் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவந்தது. காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்தேன். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருப்பதால் தீயால் சூடாக்கத் துணியவில்லை; நீங்களும் துணிய வேண்டாம். கடைசியில் வெட்டும் ரம்பத்தால் புஷ்ஷின் இருபுறமும் அறுத்துத்தான் எடுத்தேன். உப்புச் சாலை ஊரில் ஓடிய வண்டி என்றால் புதிய போல்ட்டுகளை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மாட்டும்போது தண்டில், துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை தடவுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்து, வண்டி இன்னும் ஸ்டாண்டின்மேல் இருக்கும்போதே போல்ட்டுகளை முழு இறுக்கம் இறுக்கினேன். அது பெரிய தவறு. இந்தப் புஷ்களில் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியே இருக்கிறது. அசைவு முழுவதும் ரப்பரின் முறுக்கில்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருக்கும். வண்டி இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே நிற்கும், ஓட்டம் கடினமாகும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். எனக்கு இரண்டு புஷ்கள் கிழிந்த பிறகே காரணம் புரிந்தது. கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, வண்டியின் எடை சக்கரங்களின்மேல் வந்த பிறகு கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். சாய்தளமோ தடித்த மரப்பலகைகளோ இருந்தால் அடியில் கை நுழையும்.

ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் கையையோ முகத்தையோ உடைத்துவிடும். அந்தக் கருவி பழகவில்லையென்றால் ஷாக்கைக் கழற்றி ஒரு பட்டறைக்கு எடுத்துச்சென்று ஸ்பிரிங்கை மாற்றி வாங்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். முன்னால் குறுக்குச் சட்டத்திலும், பின்னால் டிஃபரன்ஷியலிலும் ஜாக் கொடுத்துத் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளில் இறக்கி, வண்டியை இருபுறமும் உலுக்கிப் பார்த்த பிறகே படுங்கள்.

சஸ்பென்ஷனைத் தொட்ட பின் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். மியாட்டாவில் நான்கு சக்கரங்களின் சாய்வையும் திசையையும் மாற்ற முடியும். நான் வைத்திருப்பது முன்சக்கரங்களில் ஒரு டிகிரி உட்சாய்வு, பின்சக்கரங்களில் ஒன்றரை. உங்கள் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச்சென்று, அதன்படிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தொழிற்சாலை வரம்புக்குள் எங்காவது நிறுத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

பிரேக்கில் பெரிய டிஸ்க் வேண்டியதில்லை. 1994 முதல் வந்த வண்டிகளில் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 254ஆக ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. நல்ல பேடுகளும் புதிய பிரேக் ஆயிலும் போதும். ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் தேவை. என் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் என் மகள். நான் சக்கரத்தருகே கிடந்து “மிதி” என்பேன். “மிதித்திருக்கிறேன் அப்பா” என்ற பதில் வந்த பிறகு திருகைத் திறப்பேன். தெளிவான குழாயில் தேநீர் நிற ஆயில் குமிழிகளோடு இறங்கும். திருகை மூடிவிட்டு “விடு” என்று சொன்ன பிறகுதான் அவள் காலை எடுக்க வேண்டும்; வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். முதல் தடவை அவளுக்குப் பதினொரு வயது. ஆயில் தேன் நிறத்துக்கு மாறியதைக் குழாயில் காட்டியபோது, மற்ற மூன்று சக்கரங்களையும் முடித்துவிட்டே சாப்பிட வருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியைப் பந்தயத் தடத்துக்கு எடுத்துச்செல்லும் எண்ணம் இருந்தால் முதல் செலவு, கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவான ரோல் பார்தான், டயருக்கும் முன்னால். திறந்த கார் கவிழ்ந்தால் முன்கண்ணாடிச் சட்டத்தை மட்டும் நம்ப முடியாது. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்த நிலையில், ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு துடைப்பக் கம்பை வையுங்கள். ஹெல்மெட் அதைத் தொடக்கூடாது. சாலையிலும் அதே வண்டியை ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாரின்மேல் கெட்டியான பாதுகாப்பு உறை கட்டாயம். ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாயே ஆபத்து.

காற்று வடிகட்டித் தொகுதி, பளபளக்கும் புகைக்குழாய் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒலி மாறும், வேகம் மாறாது. சைலன்சர் துருப்பிடித்து எப்படியும் மாற்ற வேண்டும் என்றால் மட்டும் எடை குறைந்த ஒன்றைப் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது கவனம்: அது டிக்கியில் இருக்கிறது. சாதாரண பேட்டரி வைத்தால் வாயுவும் அமிலமும் வண்டிக்குள்ளேயே தங்கும். காற்றுவழிக் குழாயை இணைக்கக்கூடிய, மூடிய வகை பேட்டரியை மட்டும் வாங்குங்கள்.

கருவிகளில், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை நல்ல தரத்தில் வாங்குங்கள். சக்கர நட்டுக்கு மாஸ்டா சொல்லும் இறுக்கம் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். நான் 108 வைக்கிறேன், ஐம்பது மைல் ஓட்டிவிட்டு மறுபடி சரிபார்க்கிறேன்.

இந்த வரிசையில் போனால் உங்கள் 3,000 டாலரில் பராமரிப்பு, சக்கரமும் டயரும், ஷாக்குகள், அலைன்மெண்ட், பிரேக் எல்லாம் அடங்கிவிடும். துரு எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சிறிது மிஞ்சவும் கூடும். கழற்றிய அசல் பாகங்களை எறியாதீர்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் பையில் போட்டு, எந்தச் சக்கரத்தில் எந்த இடம் என்று எழுதி, ஷாக்குகளோடு ஒரே பெட்டியில் வையுங்கள். என் பெட்டி கேரேஜின் மேல்தட்டில் இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை ஸ்பிரிங்குகளைப் போன வசந்தத்தில் மறுபடி இறக்கி மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன்.