நாய்க்குத் தலையில் சென்சார் ஒட்டப் போகிறேன் என்கிறாள் மகள், என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் பிளஸ் டூ பயோ-மேத்ஸ். மார்க்குக்குக் குறைவில்லை. டாக்டரும் வேண்டாம், இன்ஜினியரிங்கும் வேண்டாம், நாய் மூளையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் படிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். "இதெல்லாம் ஒரு படிப்பா சார், சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான். சோறு போடுமா என்பது அவள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பதைப் பொறுத்தது.

முதலில் அவள் எதைப் பார்த்து மயங்கியிருப்பாள் என்று சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்து இயோட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் ஒரு குழு வீட்டு நாய்களை ஆராய்ந்து வருகிறது. 2024-இல் அவர்கள் 18 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. மூளையில் எழும் மின்சாரத்தைப் பிடிக்கும் எலெக்ட்ரோடுகளை நாயின் தலையில் ஒட்டிவிடுவார்கள். வளர்ப்பவர் ஒரு பொம்மையின் பெயரைச் சொல்வார். அடுத்து அதே பொம்மையையோ வேறொன்றையோ காட்டுவார்கள். "பந்து" என்று சொல்லிவிட்டு வேறெதையோ காட்டினால், பந்தையே காட்டியபோது வந்த அலையிலிருந்து மூளையலை மாறுகிறது. பொருந்தாத சொல்லைக் கேட்கும்போது மனித மூளையிலும் இப்படி ஒரு மாற்றம் சுமார் 400 மில்லிசெகண்டில் தெரியும். அதாவது அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாய் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருக்கிறது.

இதற்கு முன்னால், 2012-இல், அமெரிக்காவில் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் விழித்திருக்கும் நாய்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தச் சத்தத்தில் தலையை ஆட்டாமல் கிடக்க நாய்க்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். எலெக்ட்ரோடு ஒட்டி மூளையலையைப் பதியும் முறைக்கு இ.இ.ஜி. என்று பெயர். அதில் அந்தப் பாடு இல்லை. நாய் பாயில் படுத்திருக்கும், பக்கத்தில் வீட்டுக்காரர் இருப்பார். கையில் தூக்கிப் போகும் அளவுக்குக் கருவி சிறுத்துவிட்டதால் இந்தத் துறைக்கு ஒரு புது வேகம் வந்திருக்கிறது.

ஆனால் கருவி சிறுத்ததால் வேலை சுலபமாகிவிடவில்லை. மூளையலை என்று நாம் பிடிப்பது சில மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். நாயின் மண்டையோட்டுக்கு இரு பக்கமும் தாடையை அசைக்கும் தடித்த தசை இருக்கிறது. நாய் காதை ஒருமுறை விறைத்தாலோ, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தாலோ அந்தத் தசையின் மின்சாரம் மூளையலையை அமுக்கிவிடும். கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் காதோரம் முணுமுணுப்பதைக் கேட்கிற கதைதான். அதனால் எடுத்த பதிவில் கணிசமான பகுதியைக் கழித்துக்கட்டுவார்கள், சில நாய்களை மொத்தமாகவே விட்டுவிடுவார்கள். ஆய்வாளர் நாயோடு இருக்கும் நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் கணினி முன்னால்தான். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வீடியோவில் அந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

மூளையலை பிடிக்கும் ஹெட்செட் ஒன்று வாங்கித் தரச் சொல்கிறாளே, வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கடையில் கிடைப்பது மனித நெற்றிக்கு அளவெடுத்தது. நாயின் நெற்றி எலும்புக்குள் பெரும்பாலும் காற்றறைதான் இருக்கிறது. மூளை இன்னும் பின்னால். புடாபெஸ்டில் ரோமத்தை விலக்கி, தோலைத் துடைத்து, முலாம் பூசிய சின்னச் சின்ன எலெக்ட்ரோடுகளை மின்பசை வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். 2013-இல் ஸ்வீடனில் ஒரு கூட்டம் நாயின் எண்ணத்தை மனிதப் பேச்சாக மாற்றும் ஹெட்செட் என்று விளம்பரம் செய்து இணையத்தில் பணம் திரட்டியது. மூளை ஆய்வாளர்கள் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வகைக் கருவியோ, அதைக் காட்டி நடத்தும் "சான்றிதழ் கோர்ஸோ" கண்ணில் பட்டால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

இனி படிப்பு. நாய் மூளைக்கென்று இளநிலைப் பட்டம் எதுவும் கிடையாது. அவளுக்கு நாய்தான் முதல் பிரியம் என்றால் கால்நடை மருத்துவம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ கட்-ஆஃப் போதும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருடம். ஆராய்ச்சி கைகூடாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர், இல்லையென்றால் சொந்த கிளினிக். உங்கள் கவலைக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

கணக்கிலும் அவளுக்குக் கை ஓடுகிறது என்றால் நான் ஐசரைத்தான், அதாவது மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான், முதலில் வைப்பேன். ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு, ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். பக்கத்திலேயே திருப்பதியில் இருக்கிறது. கொல்கத்தா ஐசரில் அனிந்திதா பத்ரா நடத்தும் ஆய்வுக்கூடம் தெருநாய்களின் நடத்தையையே ஆராய்கிறது. அங்கே பிரதானம் நடத்தைதான், சென்சார் அல்ல. இருந்தாலும் நாயிடம் கேள்வி கேட்பது எப்படி என்று கற்க நல்ல இடம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாவது வழி. சிக்னல் வேலை கைவந்துவிடும், உயிரியலைத் தானாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பிஎச்.டி. வரை போகாமல் முடியாது. நடுவில் அறிவாற்றல் அறிவியலில் (மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் துறை, காக்னிட்டிவ் சயின்ஸ்) முதுநிலை படிக்க ஐ.ஐ.டி. காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகம் என்று இங்கேயே இடங்கள் உண்டு. வெளிநாடு என்றால் புடாபெஸ்ட் அல்லது வியன்னா. ஹங்கேரி அரசின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிகம் உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை, மாதப் பணமும் உண்டு. வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டிய படிப்பு இது இல்லை.

வேலை விஷயத்தில் மழுப்ப மாட்டேன். நாய் மூளை ஆராய்ச்சிக்கு என்று நம் ஊரில் சம்பளம் தரும் இடம் அநேகமாக இல்லை. ஆனால் சத்தத்துக்கு நடுவிலிருந்து மூளையலையைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு வலிப்பு நோய் ஆராய்ச்சி, தூக்க ஆய்வுக்கூடம், மருத்துவக் கருவி நிறுவனம் எல்லாவற்றிலும் வேலை உண்டு. சொந்தக்காரர்கள் கேட்டால் "நியூரோ சயின்ஸ்" என்று சொல்லிவிடுங்கள், பொய்யில்லை.

தேர்வு முடிந்து ரிசல்ட் வரும் வரை அவளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். ஒன்று, லேப்டாப்பில் பைதான் என்ற கணினி மொழியும், மூளையலைப் பதிவை அலசும் எம்.என்.இ. என்ற இலவச மென்பொருளும். ஃபிசியோநெட் தளத்தில் 109 பேரின் இ.இ.ஜி. பதிவு இலவசமாகக் கிடைக்கிறது; கண் சிமிட்டும்போது வரும் அலையை அதிலிருந்து அவளே நீக்கிப் பார்க்கட்டும். இன்னொன்று வீட்டு நாயோடு. இரண்டு கிண்ணம், இரண்டிலும் கோழித் துண்டைத் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மூக்கே விடை சொல்லிவிடும். ஒன்றில் மட்டும் துண்டை மறைத்து வைத்து, அதை நோக்கி விரல் நீட்டி, நாய் எதற்குப் போகிறது என்று நோட்டில் குறிக்கட்டும். இடம், வலம் மாற்றி மாற்றி, மூன்று வாரம். தெருநாய்களிடம் வேண்டாம், அந்த ஆசை இருந்தால் முதலில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி.

அந்த நோட்டையும் அவள் சுத்தம் செய்த பதிவையும் பார்த்தாலே கால்நடையா ஐசரா என்பது பாதி தெரிந்துவிடும். அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், ஐ.ஏ.டி. விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டுக்கும் போட்டு வையுங்கள், இரண்டிலும் சீட் வந்தால் எதை விடுவது என்று அப்போது பேசுவோம்.