கணக்கில் வராத மீன் துண்டு

அன்புள்ள அக்கா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கணவருக்கு அரச உத்தியோகம். மகன் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான், மகள் ஆறாம் வகுப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்ற பிறகுதான் எனக்குச் சேமிப்புப் புத்தி வந்தது. ஒரு சீ.ஆர். கொப்பியில் வீட்டுச் செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். கரண்ட் மாதம் 60 யூனிட்டைத் தாண்ட விடுவதில்லை. பாண் வாங்குவதைக் குறைத்து றொட்டியும் புட்டும்தான். மிளகாய்த்தூள் வீட்டில் வறுத்து மில்லில் அரைக்கிறேன். கிழமையில் மூன்று நாள் மீன். அவருக்கும் பிள்ளைகளுக்கும் துண்டைப் போட்டுவிட்டு நான் குழம்போடு சாப்பிடுவேன், அது பழகிவிட்டது. வீட்டில் எல்லாரும் என்னைக் கசவாரம், கஞ்சம் என்கிறார்கள். எப்படியோ கொஞ்சக் காசு சேர்ந்திருக்கிறது. பவுனாக வாங்குவதா, வங்கியில் நிலையான வைப்பில் போடுவதா, பக்கத்துத் தெருவில் பிடிக்கும் சீட்டில் சேர்வதா? நீங்கள் சொன்னால் கேட்பேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பவுனா வைப்பா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 'அது பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். கடைசிப் பந்தியில் சமைத்த பெண்களும் பரிமாறிய பெண்களும் உட்கார்ந்தபோது வாளியில் சாம்பாரும் சோறும்தான் மிச்சம். ஒருவர் முகத்திலும் ஒரு வருத்தம் இல்லை. அன்றிலிருந்து அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது, உங்கள் கடிதமும் வந்துவிட்டது.

கொப்பி எழுதுவது நல்ல காரியம். 60 யூனிட் கணக்கும் சரி. அந்தக் கோட்டைத் தாண்டினால் மிஞ்சிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் 60க்கும் சேர்த்தே விலை கூடுகிறது. தூள், றொட்டி, புட்டு எல்லாம் நீங்களே கெட்டித்தனமாகச் செய்கிறீர்கள், நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கசவாரம் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த மீன் துண்டு உங்கள் கொப்பியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கிழமைக்கு மூன்று துண்டு, வருடக்கணக்காக. அதை யார் செலவாக எழுதினார்கள்?

எனக்குக் கோபம் வருகிறது தங்கச்சி, உங்கள் மேலும்தான். நான் இதன் முடிவைப் பார்த்தவள். என் அம்மா இப்படித்தான் இருந்தார். எல்லாரும் எழும்பிய பிறகு சட்டியில் ஒட்டின குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடுவார். ஐம்பது வயதுக்குள் படியேற மூச்சு வாங்கியது. ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் குறைவு என்று சொல்லி இரத்தம் ஏற்றினார்கள். பிறகு மாதாமாதம் கிளினிக், கூடப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம், வாகனக் காசு. அவர் வாயைக் கட்டிச் சேர்த்தது எல்லாம் அந்த வழியிலேயே போனது.

அதே காலத்தில் அவருடைய தங்கச்சி, என் சின்னம்மா, திருக்கடலூரில் வேறு விதமாகக் குடும்பம் நடத்தினார். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, ஐந்து பிள்ளைகள். 1970களின் நடுப்பகுதி, பாணுக்கு விடியப்புறம் வரிசை நின்ற காலம். அரிசி கூப்பனில் வரும், அது போதாது, மரவள்ளிக் கிழங்கு அவித்துத்தான் வயிற்றை நிரப்பினோம். சின்னம்மா மீன் குழம்பை இறக்கியதும் ஒரு சின்ன மண்சட்டியை எடுப்பார். எத்தனை பேரோ அத்தனை பங்கு மனதில் போட்டு, தன் பங்கை முதலில் அந்தச் சட்டியில் ஊற்றி, சிரட்டையால் மூடி, எட்டாத தட்டில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார். அவருடைய மாமியார் இதைப் பார்த்து வாயடித்ததை நான் கேட்டிருக்கிறேன். சின்னம்மா சத்தம் போடவில்லை. "நான் விழுந்தா இத்தனை பேருக்கும் ஆர் மாமி கஞ்சி காய்ச்சுறது?" என்று கேட்டார், அவ்வளவுதான். மாமியாரிடம் பதில் இல்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சம்பள நாள் இரவு பாயை விரித்து நடுவில் கொப்பியை வைப்பார். சித்தப்பா தன் சுருட்டுக் காசையும் தேத்தண்ணிக் கடைக் காசையும் தன் வாயால் சொல்ல வேண்டும். மூத்தவன் கூட்டிப் பார்ப்பான், சின்னதுகள் சுற்றி இருந்து கேட்கும். காசு இல்லாத மாதத்தில் ஏன் இல்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் தீபாவளிக்குச் சட்டை இல்லை என்றாலும் அழுகை கிடையாது. நீங்களோ ஒற்றை ஆளாகக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாகப் பேச்சும் வாங்குகிறீர்கள்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். கடிதம் முழுக்க உங்கள் கணவரின் செலவு ஒரு வரி இல்லை. மோட்டார்சைக்கிளுக்குப் பெட்ரோல் எவ்வளவு, கந்தோரில் மத்தியானச் சாப்பாடு வாங்குகிறாரா, தொலைபேசிக்கு எவ்வளவு போடுகிறார்? அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். நீங்கள் குழம்போடு சாப்பிடுவதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். கவனிக்கிற மாதிரி நீங்கள் நடக்கவில்லை.

மகளை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, இன்றைக்கோ நாளைக்கோ பெரிய பிள்ளையாகப் போகிறாள். மாதாமாதம் இரத்தம் போகிற வயதுப் பெண்ணுக்கு, ஆணுக்குத் தேவையானதைவிட இரு மடங்குக்கும் மேல் இரும்புச்சத்து வேண்டும். உங்கள் வீட்டில் அதிகம் தேவைப்படுகிற ஆள் நீங்கள், அடுத்தது அவள். அவள் தினமும் உங்கள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அண்ணனுக்கோ புருசனுக்கோ துண்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குழம்போடு சாப்பிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சரி, காசு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கூடக் காசு வேண்டாம். துண்டு போட்டு விற்கிற அறக்குளாவையும் பாரையையும் விடுங்கள். அந்தக் காசுக்குச் சின்ன மீனாகச் சூடையோ கீரியோ சாளையோ வாங்கினால் நாலு கோப்பைக்கும் வரும், எண்ணிப் போடுகிற சிக்கலும் இல்லை. சூடையை நன்றாக முறுகப் பொரித்தால் முள்ளோடு சாப்பிடலாம், கல்சியமும் சேரும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போது முட்டை, பயறு, கருவாடு. முருங்கைக்கீரை வேலியிலேயே நிற்கும். கீரைக்கும் பருப்புக்கும் தேசிப்புளி விட்டுச் சாப்பிடுங்கள், அதிலுள்ள இரும்பு அப்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள், அது சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். ஒரு தரம் இரத்தமும் சோதித்துப் பாருங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யலாம்.

இனி உங்கள் சேமிப்பு. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். அதற்கு முன் குறைந்த வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தவர்களின் காசு கண் முன்னே கரைந்தது, பவுன் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். அந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். அதற்காக நகையாக வாங்காதீர்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது, அவசரத்துக்கு அடைவு வைத்தால் உங்கள் சொந்தப் பொருளுக்கே வட்டி கட்ட வேண்டும். முதலில் மூன்று மாத வீட்டுச் செலவைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடுங்கள், உங்கள் பெயரில். மிச்சத்தில் பாதி வைப்பு, பாதி பவுன் நாணயம். சீட்டு வேண்டாம். பிடிக்கிறவர் தலைமறைவானால் போய்க் கேட்க உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

அடுத்த சம்பள நாள் இரவு கொப்பியை நாலு பேருக்கும் நடுவில் வையுங்கள். கூட்டல் கணக்கை மகனிடம் கொடுங்கள். அவர் தன் பக்கத்தில் என்ன எழுதினார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா