பாலக்காடு பக்கம் மழைக்காலத்தில் தக்காளி, கத்தரி பச்சையாகவே வாடிச் சாவது ஏன்? அடுத்த பட்டத்துக்கு என்ன செய்வது?

இலை பழுக்காமல், நேற்று வரை காய்த்த செடி இன்று துவண்டு தொங்கினால் பெரும்பாலும் அது பாக்டீரியா வாடல். தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்டைத் தரையோடு ஒட்டி வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதேதான். எதுவும் இறங்காமல், அடி இலைகள் முன்பே மஞ்சளாகியிருந்தால் பூஞ்சை வாடல். கத்தரியில் கொழுந்து மட்டும் தொங்கினால் புழு துளைத்திருக்கும். கிள்ளி எரித்தால் போதும்.

பாக்டீரியா வாடல் வந்த செடியை எந்த மருந்தும் மீட்காது. வேரோடு, வேர்மண்ணோடு எடுத்து எரியுங்கள். உரக்குழியில் போடவே கூடாது. கிருமி மண்ணிலேயே தங்கி, மழைநீர் ஓடும் வழியில் அடுத்த செடிக்குப் போகிறது. அதனால் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி அவசியம். அதே இடத்தில் மிளகாயோ கத்தரியோ மறுபடி வேண்டாம். வெண்டை, தட்டைப்பயறு, பாகல் போடுங்கள். பழைய குரோபேக் மண்ணுக்கும் இதே விதிதான்.

புளிப்பு மண்ணில் இந்த நோய் கொண்டாட்டமாக வளரும். மாவட்டத்தின் பெரும்பகுதி செம்புறை மண், புளிப்பானது. சென்ட்டுக்கு 2 கிலோ சுண்ணாம்பு தூவிக் கொத்துங்கள். ஆனால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்பு தேவையில்லை, போட்டால் கெடுதல். மண் பரிசோதனை பார்த்துவிட்டே போடுங்கள். பலர் சறுக்குவது அடுத்த படியில்: சுண்ணாம்போடு சேர்த்தே, நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸும் போடுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் அந்த நல்ல பாக்டீரியா செத்துப்போகும். 15 நாள் இடைவெளி விட்டுத் தொழுவுரம் போடுங்கள். லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்து நாற்றின் வேரை 20 நிமிடம் நனைத்து நடுங்கள்.

பங்குனி வெயிலை வீணாக்காதீர்கள். பாத்தியை நனைத்து, கறுப்பு அல்லாத, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி 30 முதல் 45 நாள் விடுங்கள். கிருமி வெகுவாகக் குறையும்.

இத்தனையையும்விட முக்கியம் ரகம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வாடல் எதிர்ப்பு ரகங்கள் உண்டு: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, கத்தரியில் ஹரிதா, சூர்யா, ஸ்வேதா, மிளகாயில் உஜ்வலா, அனுக்ரகா. பழம் பெரிதாக இருக்கிறதே என்று எதிர்ப்பில்லாத ரக நாற்றை மழைக்கு முன் நட்டால் மேலே சொன்ன பாடெல்லாம் வீண்.

வேறு ரகம்தான் வேண்டும் என்றால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று வாங்குங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். மண் மூடினால் ஒட்டுக்கிளை தானே வேர்விட்டு நோயை இழுத்துக்கொள்ளும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.