எஸ்.பி.எல். தேர்தலா? முதலில் ஆறாம் வகுப்புப் பக்கம் போ

கேள்வி: வணக்கம் மிஸ். நான் பிளஸ் டூ, மெட்ரிக் பள்ளி. எங்கள் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) தேர்தலில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எல்லாருக்கும் ஓட்டு. நாலு பேர் நிற்கிறோம். அதில் ஒருவன் கிரிக்கெட் டீம் கேப்டன், அவனைத் தெரியாதவர்களே இல்லை. என்னை என் வகுப்பைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அசெம்பிளியில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், மைக்கைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. ஜெயிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறதும்மா. பேச்சைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு கணக்குப் போடு. ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் வகுப்புக்கு 4 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் அதுவே 480 ஓட்டு. உன் பிளஸ் டூவில் இரண்டு செக்‌ஷன் என்றால் வெறும் 80. நாலு பேர் நிற்கும்போது பாதி ஓட்டு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, 1,000 பேர் போட்டால் 251 வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். ஆனால் நிற்கிற எல்லாரும் தன் நண்பர்களிடமே திரும்பத் திரும்ப ஓட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அந்தச் சின்னப் பிள்ளைகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பல வருஷம் ஓட்டு எண்ணியவள் என்பதால் சொல்கிறேன்.

ஆகவே வகுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போ. பேசாதே, கேள். "உங்களுக்கு இங்கே என்னடா கஷ்டம்?" என்று ஒரு பிளஸ் டூ அக்கா வந்து கேட்டாலே அவர்கள் கொட்டிவிடுவார்கள்: கேன்டீன் வரிசையில் பெரிய அண்ணன்கள் முந்திக்கொள்கிறார்கள், குடிதண்ணீர்க் குழாய் எட்டவில்லை, பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, உன் வாக்குறுதியாக எடுத்துக்கொள்.

செல்போன் கொண்டுவர அனுமதி வாங்கித் தருவேன், ஹோம்வொர்க்கைக் குறைப்பேன் என்றெல்லாம் சொன்னால் பின்வரிசையில் விசில் பறக்கும், ஓட்டு வராது, எஸ்.பி.எல்.லுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று ஆறாம் வகுப்புக்கும் தெரியும். "பி.டி. பீரியடை யாரும் எடுக்க விடமாட்டேன்" என்பதும் அதே ரகம்தான். அதையே "எந்த வகுப்புக்கு எத்தனை பி.டி. பீரியட் போனது என்று மாதாமாதம் எழுதி பிரின்சிபாலிடம் கொடுப்பேன்" என்று மாற்றிப் பார். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் செய்துவிடலாம், யாரும் தடுக்க முடியாது.

இன்னொன்றையும் இப்போதே விசாரித்து வை. ஓட்டு சீட்டிலா, வகுப்பில் கை தூக்கியா? கை தூக்குவது என்றால் பக்கத்து பெஞ்ச் யாருக்குத் தூக்குகிறதோ அதன்படிதான் வகுப்பே தூக்கும், அங்கே கேப்டன் பக்கம்தான் காற்று. சீட்டு என்றால் அமைதியான பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள், அது உனக்கு நல்லது. ஆசிரியர்களுக்கும் ஓட்டு உண்டா, தனியாக நேர்காணல் உண்டா என்பதையும் கேள். சில பள்ளிகளில் தேர்தல் பெயருக்குத்தான், ஸ்டாஃப் ரூமில் முடிவாகிவிடும்.

சரி, பேச்சு. இரண்டு நிமிஷம் என்றால் ஏறக்குறைய 200 சொல், அதற்கு மேல் எழுதினால் ஓட வேண்டியிருக்கும். முதல் இரண்டு வரியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய், நடுக்கம் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். மெல்லிய தாளைக் கையில் பிடிக்காதே, உன் நடுக்கத்தை அது ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள். மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி நில். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி என்றால், அந்த வாக்குறுதியை மட்டுமாவது தமிழில் சொல்ல அனுமதி கேள்.

கேப்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. சாக்லேட்டும் கொடுக்காதே, பிள்ளைகள் நாலு பேரிடமும் வாங்கித் தின்றுவிட்டு இஷ்டப்பட்டவருக்குப் போடுவார்கள், விஷயம் தெரிந்தால் உன் பெயரையே நீக்கிவிடலாம். கல்லூரி மாணவர் தேர்தல்களுக்காக மத்திய அரசு அமைத்த லிங்டோ கமிட்டி 2006இல் கொடுத்த பரிந்துரைகளிலேயே வேட்பாளருக்குச் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் என்று இருக்கிறது. அது பள்ளிக்கு இல்லைதான். ஆனாலும் உனக்கு இரண்டு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். ஒன்றைக் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் ஒட்டு, வரிசையில் நிற்பவர்கள் வேறு வழியில்லாமல் படிப்பார்கள்.

வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்து கேட்டால் உன் உயிர்த்தோழியிடம் வாங்காதே, அவள் ஓட்டு எப்படியும் உனக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் வாங்கு.